அப்பாவின் ஒட்டுப்பால் கொட்டகையில் ஓர் அலுவலக அறை

மழை பெய்தால் என் வேலை நின்றுவிடும். கொட்டகைக்குள் முதன்முதலாக மேசையைப் போட்ட வாரம், ஈப்போவில் இருக்கும் என் மேலாளரோடு மாதக் கணக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மாலை மூன்றரைக்கு மலைப்பக்கம் கறுத்தது. முதல் நாலு துளி கல் விழுந்த மாதிரி தகரத்தில் விழுந்தது. அரை நிமிடத்தில் அவர் குரல் எனக்குக் கேட்கவில்லை, என் குரல் அவருக்குக் கேட்கவில்லை. மடிக்கணினியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அதற்கு முந்தைய மூன்று நாளும் மதியத்துக்கு மேல் உள்ளே உட்காரவே முடியவில்லை, அப்படி ஒரு வெக்கை. அன்று இரவு ஒரு பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் 'கூரை' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். அந்த நோட்டில் ஐந்து மாதமாக எழுதி வைத்த அளவுகளையும் செலவுகளையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். சுற்றிலும் ரப்பரும் செம்பனையும். அப்பா தோட்டத்தில் மரம் சீவியவர். தோட்டத்தை விட்டு வெளியே வந்தபோது ஊர் ஓரமாகச் சின்ன நிலம் வாங்கிப் பலகை வீடு கட்டினார். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை, 12 அடிக்கு 10 அடி. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தைப் பிரித்தபோது கிடைத்த செங்கால் மரத் தூண்கள், கிடைத்த பலகைகளில் சுவர், மேலே தகரம். பின்னாளில் ஒன்றரை ஏக்கர் சொந்த ரப்பரில் அவர் எடுத்த ஒட்டுப்பால் (தானே உறைந்து கட்டியான ரப்பர் பால்) எல்லாம் அதற்குள்தான் கிடக்கும். அந்த வாடை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2020 மார்ச் 18இல் கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது சமையலறை மேசையில் தொடங்கிய வேலை இது. ஆணை போன பிறகும் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே செய்யலாம் என்றார்கள். அம்மா மிக்சியைப் போடும்போதெல்லாம் நான் மைக்கை மூடி, அவர் முடித்ததும் திறந்து, இப்படியே நாலு வருஷம் ஓட்டினேன். இதற்கு மேல் முடியாது என்று தோன்றியபோது கொட்டகைச் சாவியைக் கேட்டேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக் கொடுத்தார்.

சாமான்களை வெளியே எடுக்கவே இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. மரத்தில் பால் ஏந்தும் மங்குகள் ஒரு சாக்கு நிறைய. பால் வாளிகளைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பு, வாளிகள், துருப்பிடித்த சீவுகத்தி, செயின் இல்லாத சைக்கிள். அடியில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் தாத்தா பெயரில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம் இருந்தது. துண்டு துண்டாக விற்கப்படும் தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்க வேண்டும் என்று 1960இல், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தொடங்கிய சங்கம். அவர் எங்கள் ஊர்க்காரர் என்பதால், பங்கு வாங்கிய கதை இல்லாத வீடு இங்கே குறைவு. பத்திரத்தைத் தூக்கியதும் கீழ்ப்பாதி கையோடு வரவில்லை. கரையான் தின்று மண்ணாக்கியிருந்தது.

அந்தப் பத்திரத்தால்தான் கொட்டகை பிழைத்தது. பெட்டியின் அடியிலிருந்து விரல் தடிமனில் ஒரு மண் குழாய் தரையோடு ஓடி, மேற்குச் சுவரின் பலகைக்குள் ஏறியிருந்தது. சித்தப்பா வந்தார். அவர் தோட்டத்தில் தச்சு வேலை பார்த்தவர். திருப்புளியின் கைப்பிடியால் ஒவ்வொரு பலகையையும் தட்டிக்கொண்டே போனார். நல்ல பலகையில் 'டக் டக்' என்று கெட்டியாகக் கேட்கும். செத்த பலகையில் வெறும் தகர டப்பாவைத் தட்டுவது மாதிரி இருக்கும். ஒரு இடத்தில் திருப்புளியை லேசாக அழுத்தினார், கைப்பிடி வரை உள்ளே போனது. மேலே பெயிண்டு மட்டும் அப்படியே நின்றது.

"தூணத் தொடல பாரு புள்ள. செங்காலுல அது வாய வைக்காது. பக்கத்துல இருக்கறதத்தான் திங்கும்."

ஆகவே தூண்களை வைத்துக்கொண்டோம். நான்கு சுவரிலும் அடியிலிருந்து ஒன்றரை அடிப் பலகையை அறுத்து எறிந்துவிட்டு, அந்த உயரத்துக்குக் கல் கட்டினோம். மரம் மண்ணைத் தொடாமல் இருந்தால் கரையான் ஏற வேண்டிய வழி கண்ணுக்குத் தெரியும், அதுதான் கணக்கு. தரை போடுவதற்கு முன்பே ஆள் வரவழைத்து மண்ணுக்கு மருந்தும் அடித்தோம். சிமெண்டு போட்ட பிறகு அடிக்க வேண்டுமானால் தரையில் வரிசையாகத் துளை போடவேண்டியிருக்கும். புதிய சட்டங்களுக்கு ரப்பர் மரம் வாங்குவதானால் போரான் மருந்து ஏற்றியதா என்று கேட்டு வாங்குங்கள். மருந்து ஏற்றாத ரப்பர் மரத்தை வண்டும் பூஞ்சையும் சீக்கிரம் பிடித்துவிடும். மரத்தோடு வாழ்ந்த ஊரில் இருந்துகொண்டு இதை நான் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

வேலையைத் தொடங்கும் முன் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தில் வரைபடத்தோடு போய்க் கேட்டுவிட்டோம். 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி கட்டடத்தைக் கட்டுவதற்கும் மாற்றுவதற்கும் ஊராட்சியின் ஒப்புதல் தேவை. பின்பக்கக் கொட்டகைதானே என்று விட்டால் பிறகு இடிக்கச் சொல்லும்போது பேச வாய் இருக்காது.

தரை சுருக்கமாக: மண்ணைக் கெட்டித்து, மணல் பரப்பி, கனமான பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, அதற்கு மேல் கம்பி வலையோடு நாலு அங்குலச் சிமெண்டு. ஏழு நாள் ஈரச் சாக்கு போர்த்தி வைத்தோம். ஒரு மாதம் கழித்து ஒரு சதுர அடி பிளாஸ்டிக்கைத் தரையில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட்டேன். எடுத்துப் பார்த்தபோது அடியில் வேர்வை இல்லை. அதற்குப் பிறகுதான் வினைல் ஒட்டினேன்.

இனி கூரை. இந்த வேலையில் பாதி அறிவும் பாதிப் பொறுமையும் கூரைக்குத்தான் போனது. கொட்டகையை அறையாக்குவது பற்றி யூடியூப்பில் நான் பார்த்தவை பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள் செய்தவை. சூட்டை உள்ளே பிடித்து வைப்பதற்குத்தான் அவர்கள் அத்தனை பாடு படுகிறார்கள். நமக்குச் சூடு மேலிருந்து வருகிறது, அதை உள்ளே விடாமல் திருப்ப வேண்டும். அதனால் அவர்கள் சுவரில் செய்வதை நாம் முதலில் கூரையில் செய்ய வேண்டும்.

மைத்துனர் பட்டறையிலிருந்து லேசர் வெப்பமானி கடன் வாங்கினேன். நல்ல வெயில் நாளில் பிற்பகல் 2.30க்கு அளந்தது: வெளியே மாமர நிழலில் 33 டிகிரி. கொட்டகைக்குள் தலை உயரத்தில் தொங்கவிட்ட சாதாரண வெப்பமானியில் 41. தகரத்தின் அடிப்பக்கம் 62. அந்த 62தான் நம்மைச் சுடுகிறது. காற்று சூடாவது ஒரு பக்கம் இருக்கட்டும், சூடான தகரமே அடுப்பு மாதிரி நேராக நம் தலைமேல் அனலை வீசுகிறது. காற்றாடி போட்டாலும் தலை கொதிப்பது அதனால்தான். லேசர் வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: பளபளப்பான உலோகத்தில் அது தப்பான எண்ணைக் காட்டும். ஒரு துண்டு காகித டேப்பை ஒட்டி, அந்த டேப்பின் மேல் அளக்க வேண்டும். இது தெரியாமல் முதல் நாள் எடுத்த அளவுகள் அத்தனையையும் நோட்டில் அடித்துவிட்டேன்.

முதலில் தகரம். ஓட்டை விழுந்த நான்கு தகடுகளை மாற்றினோம். பழைய ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, ரப்பர் வாஷர் வைத்த திருகு போட்டோம், எல்லாம் தகரத்தின் மேட்டில். தண்ணீர் ஓடும் பள்ளத்தில் திருகு போட்டால் என்ன வாஷர் வைத்தாலும் ஒரு நாள் ஒழுகும். பிறகு துருவைச் சுரண்டிக் கழுவி, வெள்ளைக் கூரைப் பெயிண்டு இரண்டு கோட்டு. அதே மாதிரி ஒரு வெயில் நாளில் அடிப்பக்கம் 62இலிருந்து 47க்கு இறங்கியது. இத்தனை காசுக்கு இத்தனை பலன் இந்த வேலை முழுவதிலும் வேறு எதிலும் கிடைக்கவில்லை. நம் ஊர் ஈரத்தில் வெள்ளைக் கூரையில் கறுப்புப் பாசி பிடிக்கும், வருஷத்துக்கு ஒரு தடவை கழுவ வேண்டும்.

அடுத்தது அலுமினியத் தாள். இதில்தான் தவறு செய்தேன். தகரத்தின் அடியில் பசை தடவி, தாளை நேராக ஒட்டிவிட்டேன், பாதிக் கூரைக்கு. பார்க்க அழகாக இருந்தது. அளந்தால் ஒட்டிய பாதிக்கும் ஒட்டாத பாதிக்கும் தலை உயரத்தில் வித்தியாசமே இல்லை. சித்தப்பா ஏணியில் ஏறி உள்ளங்கையைத் தாள் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அடுப்புமேல ஒட்டுனா தாளும் அடுப்புதாம்மா. கொஞ்சம் தள்ளிப் புடி."

அவர் சொன்னதுதான் சரி. தாள் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் சூடு தொட்டே இறங்கிவிடும். பளபளப்பு வேலை செய்ய அதற்கு முன்னால் காற்று இடைவெளி வேண்டும், குறைந்தது ஒரு அங்குலம். எல்லாவற்றையும் கிழித்து எடுத்தோம், ஒரு சனிக்கிழமை முழுக்கப் பசையைச் சுரண்டினேன். பிறகு தகரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களின் அடியில் தாளை இழுத்து ஸ்டேப்ளர் அடித்தோம். சட்டத்தின் தடிமன் இரண்டு அங்குலம், அதுவே தகரத்துக்கும் தாளுக்கும் நடுவில் இடைவெளி ஆனது. பளபளப்பான பக்கம் கீழே பார்க்க வேண்டும். மேலே பார்த்தால் சில மாதங்களில் தூசி படிந்து பலன் குறைந்துவிடும். கீழே பார்க்கும் முகத்தில் தூசி உட்காராது. சூடானாலும் அந்த முகம் அனலைக் குறைவாகத்தான் கீழே விடும். கீழேயும் காலி இடம் விட்டுத்தான் சிலிங் அடித்தோம்.

இடைவெளியில் அடைபடும் சூடான காற்று வெளியே போக வழி வேண்டும். தாழ்ந்த பக்கக் கூரை ஓரத்தில் நீளவாக்கில் ஓர் அங்குலச் சந்து, உயர்ந்த பக்கத்தில் இரண்டு இடத்தில் வலை அடித்த ஜன்னல் மாதிரி திறப்பு. கீழே நுழையும் காற்று சூடாகி மேல்பக்கமாகப் போய்விடுகிறது. வலை கண்டிப்பாக வேண்டும். முதல் வாரமே ஒரு குருவி கூடு கட்ட நார் கொண்டுவந்து வைத்திருந்தது.

தாள் அடித்த பிறகு தலை உயரத்தில் 36. சிலிங்குக்கு 9 மி.மீ. கிப்சம் போர்டு, அதன் முதுகில் 50 மி.மீ. ராக்வூல், அதாவது கல் இழைப் பஞ்சு. அதைப் போடும்போது முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி மூன்றும் வேண்டும். நான் கையுறை மட்டும் போட்டுக்கொண்டேன், இரண்டு நாள் கழுத்தெல்லாம் அரிப்பு. எல்லாம் முடிந்தபின் 2.30க்கு உள்ளே 33, மாமர நிழலில் இருந்ததும் அதேதான். ஏர்கோன் இல்லாமல்.

மழைச் சத்தத்துக்கு அலுமினியத் தாள் ஒன்றும் செய்யாது. ராக்வூலும் கனமான போர்டும் சேர்ந்துதான் அடக்கின. இப்போது பெருமழையிலும் தூரத்தில் லோரி போகிற மாதிரி ஓர் உறுமல்தான். கூட்டம் நடுவில் மழை வந்தால் மேலாளர் "அங்கே மழையா?" என்று கேட்பதுகூட இல்லை.

மேற்குச் சுவரை மறந்துவிடக் கூடாது. 1982 ஜனவரி 1இல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அதனால் நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவதே சுமார் ஒன்றே காலுக்குத்தான். வேலை நேரத்தின் பின்பாதி முழுக்க வெயில் மேற்கில் சாய்ந்துகொண்டே அடிக்கும், ஏழு மணிக்குப் பக்கத்தில்தான் மறையும். மேற்கில் இருந்த சின்ன ஜன்னலைப் பலகையால் மூடிவிட்டு, வடக்கில் நாலடி அகல ஜன்னல் வைத்தோம். மேசை அதன் கீழே. மேற்குச் சுவருக்கு வெளியே ஓரடி தள்ளிக் கம்பி கட்டி அம்மா அவரைக்கொடி ஏற்றியிருக்கிறார். கொடி சுவரைத் தொடாமல் இருப்பது நல்லது, தொட்டால் பலகையில் ஈரம் காயாது.

மின்சாரத்தில் நான் கை வைக்கவில்லை. எரிசக்தி ஆணையத்தில் பதிவு செய்த வயர்மேன்தான் செய்தார். வீட்டு மீட்டர் பலகையிலிருந்து தனி சர்க்யூட், பிளாஸ்டிக் குழாய்க்குள் மண்ணுக்கடியில் கேபிள், கொட்டகைக்கென்று சின்னப் பலகை, மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி, தனியாக எர்த் கம்பி. பழைய கொட்டகையில் வீட்டிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் வயரை ஜன்னல் வழியாக இழுத்துத்தான் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைக் கழற்றிப் பார்த்தபோது கதவு இடுக்கில் நசுங்கிய இடத்தில் செம்புக் கம்பி வெளியே தெரிந்தது. அம்மா வெறுங்காலோடு அந்தக் கதவைத் திறந்து மூடிய வருஷங்களை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு வயர் இருந்தால், இதைப் படித்து முடித்ததும் போய்ப் பாருங்கள்.

இணையத்தில்தான் பெரிய அடி வாங்கினேன். வீட்டு ரௌட்டரிலிருந்து கொட்டகைக்கு 18 மீட்டர். கேட் 6 கேபிளை இன்னொரு குழாயில் இழுத்து இரண்டு பக்கமும் நானே பிளக் போட்டேன். ஆறு வாரம் பிரமாதமாக ஓடியது. அக்டோபரில், தினமும் மாலை இடி இடிக்கும் நாட்களில், பக்கத்துத் தென்னையில் ஒரு மின்னல் இறங்கியது. வீட்டில் டிவி, ஐஸ்பெட்டி, கொட்டகையில் விளக்கு எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. ரௌட்டரின் ஒரு துளையும், கொட்டகையில் இருந்த நெட்வொர்க் சுவிட்சும், மடிக்கணினியைச் செருகி வைத்திருந்த டாக் பெட்டியும் செத்துப்போயின. மூன்றும் அந்தக் கேபிளில் கோத்தவை. மின்னல் நேராக நம்மேல் விழ வேண்டியதில்லை. பக்கத்தில் விழுந்தாலே இரண்டு கட்டடங்களின் எர்த்துக்கு நடுவே மின்னழுத்த வித்தியாசம் வரும், அவற்றை இணைக்கும் செம்புக் கம்பி அதற்குப் பாலமாகிவிடும்.

அந்த மாதச் சம்பளத்தில் பெரிய பங்கு அதற்குப் போனது. இப்போது அதே குழாயில் ஃபைபர் ஓடுகிறது, இரண்டு முனையிலும் சின்ன கன்வெர்ட்டர் பெட்டி. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வீடுகளுக்கு இழுக்கும் சாதாரண ஃபைபர் கேபிள் பலவற்றில் வலுவுக்காக இரும்புக் கம்பி இருக்கும். அது இருந்தால் மறுபடியும் பாலம்தான். முழுக்க உலோகம் இல்லாத வகையைக் கேட்டு வாங்கினேன். மின்சாரக் கேபிளும் செம்புதானே என்று கேட்டபோது, வயர்மேன் கொட்டகைப் பலகையில் திடீரென்று ஏறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் தடுப்பான் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தார். இடி தொடங்கினால் நான் இன்னமும் மடிக்கணினியைக் கழற்றி பேட்டரியில்தான் ஓட்டுகிறேன்.

உள்சுவருக்குச் சிமெண்டு போர்டு, வெள்ளைப் பெயிண்டு. ஒட்டுப்பால் வாடைக்கு, பலகைகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, வெயில் காட்டி, போர்டு அடிக்கும் முன் இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தோம். பெரும்பாலும் போய்விட்டது. ரொம்ப ஈரமான காலையில் கதவைத் திறந்ததும் ஒரு கணம் வரும். அதை முழுக்கப் போக்க நான் மெனக்கெடவில்லை.

மேசை, லயத்து வீட்டின் பழைய கதவு. ஆறடி நீளம். கொக்கி இருந்த இடத்தில் ஒரு பள்ளம், இப்போது பேனா வைக்கிறேன். பழைய பெயிண்டைத் தேய்த்து எடுக்கும்போது மூன்று நிறம் வந்தது: மேலே பழுப்பு, அதற்கடியில் பச்சை, அதற்கும் அடியில் தோட்டத்தில் எல்லா லயத்துக்கும் அடிக்கும் அந்த மங்கிய நீலம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உப்புத்தாளால் காய்ந்தபடி தேய்க்காமல், தண்ணீர் நனைத்துத் தேய்த்துக் கழிவைப் பையில் கட்டினேன். நீலத்தில் ஒரு கை அகலம் மட்டும் ஓரத்தில் விட்டுவைத்திருக்கிறேன்.

ஏர்கோனைக் கடைசியாகத்தான் வாங்கினேன், 1 குதிரைசக்தி, அதாவது சுமார் 9,000 பிடியூ. கூரை வேலைக்கு முன்பு வந்து பார்த்த கடைக்காரர் இந்த அறைக்கு ஒன்றரை வேண்டும் என்றிருந்தார். பகல் ஒரு மணி வரை காற்றாடியே போதுமாக இருக்கிறது. அதற்கு மேல் ஐந்து மணி வரை 26இல் ஓடுகிறது. கதவு, ஜன்னல் இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டாமல் ஏர்கோன் போடாதீர்கள். வெளியே இருக்கும் ஈரக் காற்று இடுக்கில் நுழைந்து குளிர்ந்த சுவரில் வேர்த்து, அலமாரி முதுகில் பூஞ்சை பிடிக்கும். எனக்கு ஒரு கோப்பு வரிசை அப்படிப் போனது.

செலவு வெள்ளிக் (ரிங்கிட்) கணக்கில்: கூரைக்கு 2,300, சுவர், ஜன்னல், கதவு 1,700, தரை 1,500, மின்சாரம் 1,450, ஏர்கோன் 1,350, கரையான் மருந்து 900, மற்றவை 660. மொத்தம் 9,860. மின்னலில் போன சாமான்கள் இதில் சேரவில்லை. சித்தப்பா கூலி வாங்க மறுத்துவிட்டார், தீபாவளிக்கு அவருக்கு ஒரு நல்ல டிரில் வாங்கிக் கொடுத்தேன். மறுபடி செய்தால் ராக்வூலை மேற்குச் சுவரிலும் வைப்பேன், கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி வைப்பேன்.

அப்பா இந்த ஐந்து மாதமும் அதிகம் பேசவில்லை. தூணை அறுக்கிறோமா என்று மட்டும் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். போன மாதம் ஒரு நாள் மத்தியானம், நாளிதழை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து மூலையில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஏர்கோன் ஓடவில்லை. ஒரு பக்கம் படித்து முடித்துவிட்டுச் சிலிங்கைப் பார்த்தார்.

"வீட்டு ஹாலுக்கு இந்தத் தாள் எவ்வளவு வேணும்?"

அளந்தேன். ஹால் கூரை 20 அடிக்கு 14 அடி, சாய்வும், தாள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடமும் சேர்த்து 320 சதுர அடி. அங்கே குறுக்குச் சட்டம் ஒன்றரை அங்குலம்தான், அது போதும். சித்தப்பா வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏணியோடு வருகிறார்.